முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்

திரையில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

லொரெட்டா வோய்சிக் அதைப் பதினோரு வருடம் நம்பினார். நம்பியதாகக் காட்டிக்கொண்டார் என்பதே சரி. அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தின் ஏரிக்கரை நகரம் ஒன்றில், சமுதாயக் கல்லூரியில் அவர் பாட வடிவமைப்பாளர். ஆசிரியர்கள் தரும் பாடங்களை, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் வீட்டுக் கணினியில் படிக்கும்படி ஆக்கித் தருவார். பாடம் ஆசிரியருக்குச் சொந்தம். லொரெட்டா யோசனை சொல்லலாம், ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. குறை வந்தால் மட்டும் அது லொரெட்டாவுடையது.

மருத்துவச் சொற்கள் பாடத்துக்கு ஹால்வர்சன் என்ற ஆசிரியர், தன் பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து அப்படியே ஏற்றியிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். பார்வையற்றவர்களின் கணினி எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்தின் கீழும் அதில் இருப்பதை எழுதவேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பாடத்துக்குத் திரையில் சிவப்பு விளக்கு.

சென்ற ஆண்டு தரச்சான்றுக் குழு வர நான்கு நாள் இருக்கும்போது கல்லூரியின் டீன் பிரென்டிஸ் வந்து நின்றார். "சிவப்பா ஒண்ணுகூட இருக்கக்கூடாது லொரெட்டா. எப்படியாவது பண்ணுங்க."

சோதிக்கும் மென்பொருள், படத்தின் கீழ் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். லொரெட்டா முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் 'படம்' என்று தட்டினார். விளக்கு பச்சையானது. பார்வையற்றவரும் படிக்கலாம் என்ற சான்றில் லொரெட்டா கையெழுத்திட்டார். பிரென்டிஸ் ஒரு பெட்டி டோனட் வாங்கிவந்தார்.

இந்த ஆண்டு அந்தப் பாடத்தில் செட்ரிக் புவெல் சேர்ந்தார். கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டியவர். நாற்பத்தொரு வயதில் சர்க்கரை நோய் கண்ணைப் பறித்தது. திங்கட்கிழமை வெள்ளைக் கோலோடு லொரெட்டாவின் அறைக்கே வந்துவிட்டார்.

"மிஸ் லொரெட்டா, இந்தப் பாடத்தக் கொஞ்சம் கேளுங்களேன்." மடிக்கணினி உணர்ச்சியற்ற குரலில் வாசித்தது: படம். படம். படம்.

"நானும் விடாம கேட்டேன், நாப்பதாவது படத்துலயாவது கதை திரும்பாதான்னு!" செட்ரிக் சிரித்தார். "வெள்ளிக்கிழமை பரீட்சை. போன தடவையே தேறல. இதுவும் போச்சுன்னா வெளிய அனுப்பிடுவாங்க. யாருங்க இத எழுதினது? என்னை மாதிரி கண்ணு தெரியாத ஆளா?"



லொரெட்டா நேரே பிரென்டிஸிடம் போனார். "பக்கத்தையெல்லாம் நானே தட்டச்சு பண்ணிடறேன். பரீட்சைய மூணு வாரம் தள்ளி வைங்க."

"பச்சையா இருக்கிறத எதுக்குத் தொடணும்? தள்ளி வெச்சா ஏன்னு எழுதணும். எழுதினா போன வருஷச் சான்று பொய்னு ஆயிடும். கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அதத்தான் சொல்றேன். ஸ்டானுக்கு ஊசியெல்லாம் ஒழுங்கா கெடைக்குதா?"

ஸ்டான் லொரெட்டாவின் கணவர். நரம்பு நோய்க்கு மாதம் ஒரு ஊசி. காப்பீடு லொரெட்டாவின் வேலையோடு வருவது. வேலை போனால் ஊசியும் போகும். ஒருவரின் நோயை இன்னொருவரின் உத்தியோகத்தோடு முடிச்சுப் போட்டிருக்கும் நாட்டில், மிரட்டுவதற்குக் குரலை உயர்த்தவேண்டியதே இல்லை.

லொரெட்டா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கங்களைத் தட்டச்சு செய்தார். படத்திலிருந்து எழுத்தை உருவும் மென்பொருள், ஹால்வர்சனின் ஓரக் கிறுக்கல்களையும் மடிப்பு நிழல்களையும் சேர்த்துக் குப்பையாகக் கக்கியது. வியாழன் மதியம்வரை கையால் முடிந்தது இருபத்தாறு பக்கம். பரீட்சைக்கு வேண்டியது நூறு.

செட்ரிக்கைப் போனில் அழைத்தார். "அத எழுதினது நான்தான் செட்ரிக்."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, மிஸ் லொரெட்டா."

லொரெட்டா போனை வைத்தார். பாடத்தைத் திறந்து, 'படம்' என்ற சொல்லை ஒவ்வொன்றாக அழித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. விளக்கு சிவந்தது. சிவப்பு விளக்குப் பாடத்தில் பரீட்சை திறக்காது. அது கல்லூரியின் சொந்த விதி. திரையில் ஏன் சிவப்பு என்று காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினார்: "பார்வையற்றவர் இதைப் படிக்க முடியாது. பொய்ச் சான்றில் கையெழுத்திட்டது நான். எப்படியாவது பச்சையாக்கச் சொன்னது டீன்."

வெள்ளிக்கிழமை பரீட்சை நடக்கவில்லை. செட்ரிக்கின் இடம் இப்போதைக்குத் தப்பியது. பிரென்டிஸ் இன்னும் டீன் நாற்காலியில்தான் இருக்கிறார். லொரெட்டாவுக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. ஸ்டானின் அடுத்த ஊசிக்குப் பன்னிரண்டு நாள்.

உங்கள் வீட்டில் யாராவது கணினியில் பாடம் படித்தால், அதை இன்றே திறந்து, கணினியையே வாசிக்கவைத்து, திரையை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். புரியவில்லையென்றால் அந்தக் கல்லூரிக்கு உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள். அந்தக் கடிதத்தை லொரெட்டாக்கள் தனியாக எழுதும்படி விட்டுவிடாதீர்கள்.