பட்டியலில் ஒரே ஒரு பெயர்

எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேரின் விண்ணப்பம் என் அக்கா நிரப்பியதுதான். அதுதான் அவள் தொழில். கடையில் ஜெராக்ஸும் லேமினேஷனும் என் பக்கம், கம்ப்யூட்டர் அவள் பக்கம். இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் வீட்டு மதிப்பெண்களை அடித்து அடித்து, மார்க்ஷீட்டை ஒரு பார்வை பார்த்தாலே எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று சொல்லிவிடுவாள். மூக்குக்கு மேல் கோபம் வரும். அது எங்கள் குடும்பச் சொத்து, எனக்கும் பங்கு உண்டு.

ஆகாயத்தில் கோட்டை கட்டிக்கொண்டு வரும் அப்பாக்களை அவள் விடவே மாட்டாள். “மேல ரெண்டு காலேஜ் ஆசைக்குப் போடுங்க. நடுவுல அஞ்சு கிடைக்கிறதுக்கு. அடியில மூணு, எதுவும் இல்லாம நிக்கக் கூடாதுங்கிறதுக்கு.” கீழே எழுதினால் அதிலேயே தள்ளிவிட மாட்டார்களா என்று யாராவது இழுத்தால் போதும், எரிந்து விழுவாள். “சீட்டு ஒதுக்குற மெஷினுக்கு உங்க மேல என்னங்க கோபம்? மேல இருக்கிறது இல்லைன்னாதான் அது கீழயே பார்க்கும்!”

கல்லூரிகளை வரிசையாகக் கேட்டுப் போடும் விருப்பப் பட்டியலுக்கு அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தைப் பூட்டிவிடுவார்கள். நாலேகாலுக்கு அக்கா மகள் வந்து என் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் ஒதுங்கினாள். முகத்தில் ஈயாடவில்லை.

“சித்தி, அம்மா என் லிஸ்ட்ல ஒரே ஒரு காலேஜ்தான் போட்டு வெச்சிருக்காங்க.”

எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ‘பெரிய காலேஜ்’ என்றால் ஒன்றுதான். போன வருடம் அங்கே கடைசியாக இடம் வாங்கியவன் தொண்ணூற்றேழு சதவீதம். இவள் எண்பத்தாறு. அது கிடைக்காவிட்டால் வேறு எதுவும் கிடையாது, இந்த வருடம் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். நேராக அக்காவிடம் போனேன்.

“அக்கா, உனக்கு என்ன பைத்தியமா?”

அவள் திரும்பவில்லை. “கீழ எழுதினா கீழதான் கிடைக்கும். ஒரே பேரா இருந்தா கொஞ்சம் யோசிப்பாங்க.”

“யாரு யோசிப்பா? மெஷினா?”

“நீ வாயை மூடு. ஊர்ப்பட்ட பிள்ளைங்களை அந்த வாசல்ல நுழைச்சிருக்கேன். என் பொண்ணு நுழையக் கூடாதா? நீ பெத்திருந்தா தெரியும்.”

சுருக்கென்றது. எனக்குப் பிள்ளை இல்லை. அப்படிச் சொன்னதற்கு அவள் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஜாதியும் இல்லை. அப்போதே கடையை விட்டு இறங்கிப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானே பட்டியலை மாற்றலாம் என்றால் ஓடிபி அக்கா போனுக்குத்தான் வரும். போன் அவள் மடியில்.

நாலு முப்பத்தைந்துக்கு மூலைக்கடைத் தையல்காரர் ஓடிவந்தார். கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை. தன் மகளின் மார்க்ஷீட்டை நீட்டினார்.

“மேடம், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. உங்க பாப்பாவும் என் பொண்ணும் ஒரே மார்க்காமே. பாப்பாவுக்கு என்ன போட்டீங்களோ அதையே இவளுக்கும் போட்டுடுங்க. நீங்க தப்பாவா போடுவீங்க?”

அக்காவின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. பிறகு அவள் அடிக்க ஆரம்பித்தாள். மேலே இரண்டு, நடுவில் ஐந்து, அடியில் மூன்று.

அச்சான தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். “இதான் பாப்பா லிஸ்டா மேடம்?”

“இல்லைங்க,” என்றாள் அக்கா. “அவளுக்கு இனிமேதான் போடணும்.”

மணி நாலு ஐம்பது. மகள் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஊரே அந்த நேரத்தில் அதே தளத்தில் முட்டிக்கொண்டிருந்தது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது. ஒருவழியாகப் பட்டியல் திறந்தது. அக்கா மடமடவென்று சேர்த்தாள்.

“மூணாவதுல அது வேண்டாம்மா. ஸ்டேஷன் பக்கத்து காலேஜைப் போடுங்க. அங்க புள்ளியியல் இருக்கு.”

“உனக்குப் புள்ளியியலா பிடிக்கும்?”

“நீங்க கேக்கவே இல்லியேம்மா.”

மகள் சொன்னதை அக்கா அப்படியே அடித்தாள். ஓடிபி வர நாலு ஐம்பத்தெட்டு ஆனது. முதல் தடவை ஓர் எண்ணைத் தப்பாக அடித்தாள், என் அக்கா! இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. ஐந்து மணிக்குத் தளம் பூட்டிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பெரிய காலேஜ் அந்த வருடம் தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது. இவளுக்குக் கிடைத்தது மூன்றாவது வரி, அந்த ஸ்டேஷன் பக்கத்து காலேஜ். ஒதுக்கீட்டு ஆணையை அச்செடுத்து மகள் கையில் கொடுக்கும்போது அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“ரொம்ப வருத்தமாம்மா?” என்றாள் மகள்.

“இருக்குடி. நிறைய இருக்கு. அது எனக்கு. உனக்கு வேண்டாம்.”