என் கையிலிருந்து வழுக்கியவள்

எண்பத்திரண்டாம் வருடச் சாரலில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். என் மூன்று வயது மகளுக்கு அடிக்கடி மூச்சு இளைக்கும். அருவித் தண்ணீரில் சளி பிடித்துவிடுமோ என்று பயந்து, அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்தேன்.

"ஏட்டி, அவ என்ன ஊறுகாயா? போதும்!" என்று மாமியார் சிரித்தார். நான் நிறுத்தவில்லை.

பெண்கள் பக்கம் அருவிக்கடியில் நின்றதும், அந்த எண்ணெயாலேயே அவள் கை என் பிடியிலிருந்து வழுக்கிப் போய்விட்டது. "ஆண்டவரே!" என்று அலறினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தண்ணீருக்கு அப்பாலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மாள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உம் பிள்ளையா? அங்கன கம்பியப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சிட்டு நிக்கா. எண்ணெக் கையில புடிச்சா நிக்குமா, தாயி?"

மகளை அணைத்தபடி அண்ணாந்து பார்த்தேன். யாரையும் கேட்காமல் மலையிலிருந்து அவ்வளவு தண்ணீரும் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தேவனுடைய கரத்தில் என்று ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தக் கரம் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அதன் பிறகும் அவளுக்கு எண்ணெய் தேய்த்தேன். பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவளைப் பிடித்திருப்பது என் கை மட்டும் அல்ல.