மஞ்சப்பய்யாவின் லேப்டாப்பும் ஹூவப்பாவின் கம்பும்

எங்கள் பள்ளத்தில் மஞ்சப்பய்யாவைத் தெரியாதவர்கள் இல்லை. பாக்குத் தோட்டத்து வாய்க்காலில் நின்றுகொண்டு தனக்குத் தானே வாதாடுவார். முதலில் ஒரு குரலில் கேள்வி கேட்பார், பிறகு இரண்டு அடி தள்ளி நின்று வேறு குரலில் பதில் சொல்வார். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் எங்களுக்கு அங்கே இரண்டு பேர் சண்டை போடுவதுபோலக் கேட்கும். புதிதாக வந்தவர்கள் விலக்கிவிடப் போய் வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

இதெல்லாம் தாளமத்தளத்துக்கான பயிற்சி. தாளமத்தளத்தில் வேஷம் கிடையாது, ஆட்டம் கிடையாது. பாகவதர் ஒரு பாட்டைப் பாடி நிறுத்துவார். வேட்டியும் சால்வையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் கதையில் வரும் ஆட்களாக மாறி, மனப்பாடம் எதுவும் இல்லாமல், அந்த இடத்திலேயே யோசித்து வாதாட வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மலை தாண்டிப் போவது இதைக் கேட்கத்தான். எதிராளி கேட்டதற்குப் பதில் வராமல் மௌனம் விழுந்தால் தோல்வி. "அவரை உட்கார வெச்சுட்டாங்க" என்பார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எப்படி உட்கார வைப்பது என்று யாரும் கேட்பதில்லை.

மஞ்சப்பய்யாவைப் பக்கத்து டவுனான கொப்பாவில் உட்கார வைத்தவர் மங்களூர் வாமன உடுபர். பெரிய பேச்சுக்காரர். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மஞ்சப்பய்யாவின் வாய் திறந்தது, சொல் வரவில்லை. பாகவதர் இரக்கப்பட்டு அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த ஊர்க்காரர்களும் அவரை அரசனாக்க அழைக்கவில்லை. வாயில்காப்போன் வேலைதான் கிடைத்தது. "மகாராஜா, தூதர் வந்திருக்கிறார்" என்று ஒரே வரி. அதைச் சொல்லிவிட்டு விடியும்வரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

போன வருஷம் மழை ஓயப்போகும் சமயத்தில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்க்கும் எங்கள் பக்கத்துக்காரர்கள் இணையத்தில் ஒரு தாளமத்தளம் வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம். தூதனாக வாமன உடுபர். அரசனாகப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேறு ஆள் கிடைக்காமல் மஞ்சப்பய்யாவைக் கேட்டார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு.

கொப்பாக் கடைத்தெருவில் நின்று போனை எடுத்தவர் உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் பள்ளத்தில் இணையமே கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முந்திரி மேட்டில் ஏறினால் போனில் இரண்டு கோடு தெரியும். கீழே வீட்டில் ஒன்றும் இல்லை. தொலைபேசிக் கம்பியின் மேல் பலாமரம் விழுந்து வருஷமாகிறது.

"மேட்டுல உக்காந்து பேசிடறேன்," என்றார்.

அவர் மனைவி கலாவதி ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார். "பேசுங்க. ஒரு கையில குடை, ஒரு கையில அட்டை விரட்ட உப்பு மூட்டை. லேப்டாப்ப யார் மடியில வெப்பீங்க? ராஜா மாதிரியா இருக்கும்?"

"அப்ப எப்படித்தான் பேசறது?"

"அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. பேச்சு நடுவுல நெட்டு போச்சுன்னு வைங்க. சனங்க நெட்டு போச்சும்பாங்களா? மறுபடியும் வாயடைச்சுட்டான்னுதான் சொல்லுவாங்க. கொப்பாவுல முந்நூறு பேர் பாத்தாங்க. இதை ஊரு உலகமே பாக்கும்."

மஞ்சப்பய்யா அன்று ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

லேப்டாப் மகள் மேதினி மைசூரிலிருந்து கொடுத்தனுப்பியது. அதை இணையத்தோடு சேர்க்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அந்த வாரம் பள்ளத்தில் பார்த்துவிட்டோம். முதலில், யூஎஸ்பியில் செருகும் டாங்கிள். விரல் நீளம்தான். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, அது பச்சையாக மாறவே இல்லை. கலாவதி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்றார், விளக்காவது பயன்படட்டும் என்று.

இரண்டாவது யோசனை ஹூவப்பாவைப் பார்த்ததும் வந்தது. ஹூவப்பா எங்கள் தோட்டங்களில் பாக்குக் குலை அறுப்பவர், மருந்தடிப்பவர். முன்பெல்லாம் மரம் ஏறினார். இப்போது கார்பன் தொரட்டி வைத்திருக்கிறார். இழுக்க இழுக்க நீளும், பாக்கு மரத்தின் கொண்டையையும் தாண்டிப் போகும். அந்தக் கம்பைத் தன் பெண்டாட்டி தொடுவதற்குக்கூட விடமாட்டார்.

"மேட்டுல கிடைக்கற சிக்னல் மரத்து உச்சியில கிடைக்காதா, ஹூவப்பா?" என்று மஞ்சப்பய்யா கேட்டார்.

"கிடைக்கும் அய்யா. ஆனா கம்பு உடைஞ்சா உங்க தோட்டத்துல பாதி எனக்கு எழுதிக் குடுக்கணும்."

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, குலைக்குக் கட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கம்பின் நுனியில் கட்டி மேலே ஏற்றினார்கள். மேலே நல்ல சிக்னல் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் போன் மணி அடித்தது. உச்சியில் அது பாட்டுக்கு அடிக்க, எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

"மஸ்கட்டுக்காரங்களா இருக்கும்! இறக்கு, இறக்கு!"

ஹூவப்பா கம்பைக் கணுக்கணுவாக உள்ளே தள்ளி இறக்கினார். போன் கைக்கு வந்தபோது மணியும் நின்றிருந்தது, சிக்னலும் போயிருந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி மணி அடித்தது.

"மேலேயே நின்னு பேச ஒரு குரங்கைப் பழக்கணும்," என்றார் கலாவதி.

ஹாட்ஸ்பாட் கூடத்துக்கு எட்டவில்லை. மரத்தடியில் போய் நின்றால் லேப்டாப் அதைக் கண்டுபிடித்தது, ஆனால் விடாமல் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்றது. போனையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்தால் உறுதியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, மஞ்சப்பய்யா கொப்பாவில் நான்கு யூஎஸ்பி கேபிள் வாங்கி, ஒன்றோடொன்று சேர்த்து முடிந்து மேலே அனுப்பினார். லேப்டாப் அப்படி ஒரு போன் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.

மேட்டில் ஏறி மகளிடம் முறையிட்டார். மேதினி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அப்பா, அந்த கேபிள் அவ்வளவு தூரம் போகாது. சிம் போடற ரவுட்டர் ஒண்ணு பஸ்ல அனுப்பறேன். அதை ஒரு பவர் பேங்கோட சேத்து நுனியில கட்டுங்க. அதுலேர்ந்து லேன் கேபிள் இறக்கி லேப்டாப்ல சொருகுங்க. அந்தக் கேபிள் நூறு மீட்டர்கூடப் போகும்."

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க எங்க கேட்டீங்க? உங்க போன்தான் மரத்து மேல இருந்துச்சே!"

சனிக்கிழமை ரவுட்டர் வந்தது. உறைக்குள் வைத்து ஏற்றினார்கள். கம்பைத் திருப்பவும் அவிழ்க்கவும் வசதியாகப் பாக்கு மரத்தோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினார்கள். நீலக் கேபிள் தோட்டத்திலிருந்து தொழுவத்தைத் தாண்டி ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு வந்தது. லேப்டாப்பில் மேதினியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. காற்றடித்தால் கம்பு ஆடும், ரவுட்டர் திரும்பிக்கொள்ளும், மேதினி அப்படியே கல்லாகிவிடுவாள். ஆகவே கம்பைப் பிடித்துத் திருப்பி நேராக்க ஹூவப்பா மரத்தடியிலேயே நிற்பது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே மஞ்சப்பய்யா சால்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹூவப்பா பாக்குப் பாளைத் தொப்பியோடு மரத்தடிக்குப் போனார். நாங்கள் சில பேர் கூடத்துச் சுவரோரமாக உட்கார்ந்தோம்.

ஆரம்பம் தமாஷாகத்தான் இருந்தது. பாகவதர் குந்தாபுரத்திலிருந்து பாடினார். மத்தளம் சிர்சியிலிருந்து ஒவ்வொரு அடியும் பிந்தி வந்தது. ஆனால் வாதம் தொடங்கியதும் யாரும் சிரிக்கவில்லை. மஞ்சப்பய்யா வாய்க்காலில் நின்று பேசிய வருஷங்கள் எல்லாம் வீண் போகவில்லை. உடுபர் சமாதானம் பேசப் பேச, இவர் ஒவ்வொன்றையும் மடக்கினார். திரையின் ஓரத்தில் மஸ்கட் ஆட்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

நடுவில் உடுபரின் முகம் அசையாமல் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது.

"பதில் இல்லையா தூதனே? நாக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயோ?" என்று மஞ்சப்பய்யா பொரிந்து தள்ளினார்.

"ஏங்க, அவர் வாயடைக்கல, படம் நின்னு போச்சு," என்று கலாவதி கிசுகிசுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஹூவப்பா, கொஞ்சம் வலது பக்கம்!"

படம் அசைந்தது. உடுபர் நல்ல கோபத்தில் இருந்தார். கத்தியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அரசே, உன் அந்தப்புரத்தில் யாரோ கொடிமரத்தைத் திருப்பச் சொல்கிறார்கள்," என்றார். மஸ்கட் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தன் பெரிய கேள்வியை எடுத்தார். "மண் வேண்டும், மானம் வேண்டும், வெற்றி வேண்டும் என்கிறாய். எனக்கு ஒன்றை மட்டும் சொல். உன்னை அண்டி நிற்கும் ஒரு சாதாரண மனிதனுக்காக, பிறந்தது முதல் இன்றுவரை, நீ எதையாவது விட்டுக்கொடுத்ததுண்டா?"

மஞ்சப்பய்யா தாடையைத் தடவினார். அப்போது மேற்கு மலையில் இடி இடித்தது.

எல்லோரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தோம். கார்பன் கம்பு மின்னலை இழுக்கும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். வானம் உறுமினால் மருந்தடிப்பதை நிறுத்திக் கம்பைப் படுக்கப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

"அய்யா, இறக்கிடவா?" ஹூவப்பாவின் குரல் தோட்டத்திலிருந்து வந்தது. "இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் வேணும்னா நிக்கறேன்!"

கம்பை இறக்கினால் திரை இருண்டுவிடும். கேள்வி தொங்கிக்கொண்டிருக்க, பதில் இல்லாமல், உலகமே பார்க்க. கொப்பாவேதான், இன்னும் பெரிதாக.

கலாவதி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சப்பய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரப்படாமல்தான் பேசினார்.

"தூதனே, வானத்தில் முரசு கொட்டுவது கேட்கிறதா? என் கொடிமரத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு காவலன் வெளியே நிற்கிறான். அவன் நிற்கும்வரை நான் பேசலாம். இன்னும் நான்கு வாக்கியம் பேசினால் உன்னை ஜெயிப்பேன், அது உனக்கும் தெரியும். அந்த நான்கு வாக்கியங்களை இப்போது விட்டுக்கொடுக்கிறேன். அரசன் எழுந்தால் சபை கலைந்தது என்று அர்த்தம். விருந்தினர் மாளிகையில் போய் இளைப்பாறு."

எழுந்து நின்றார். திரையில் அவருடைய வேட்டி மட்டும் தெரிந்திருக்கும். ஜன்னலில் தலையை நீட்டி, "கம்பைப் போட்டுட்டு ஓடி வாடா!" என்று கத்தினார். லேப்டாப் இருண்டது.

ஹூவப்பா நனைந்த கோழி மாதிரி உள்ளே வந்தார். அடுத்த மின்னல் தோட்டத்தையே வெள்ளையாக்கியது. கலாவதி அவருக்குத் துண்டும் மிளகுக் கஷாயமும் கொடுத்தார்.

"என்னால கெட்டுப்போச்சா அய்யா?"

"குடி, ஆறிடும்."

"ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?"

"தெரியலடா," என்றார் மஞ்சப்பய்யா. உண்மையாகவே தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் அவர் சாமர்த்தியமாகத் தப்பித்தார் என்றார்கள், பாதிப் பேர் அதுதான் பதில் என்றார்கள். இருட்டும்வரை கூடத்தில் அதே வாதம். தாளமத்தளம் முடிந்ததாகவே தோன்றவில்லை.

மறுநாள் காலை மஞ்சப்பய்யா குடையோடு முந்திரி மேட்டில் ஏறினார். ஹூவப்பாவும் கூடவே ஏறினார், தன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்று. உச்சியில் போன் உதறிக்கொண்டு செய்திகளைக் கொட்டியது. வாமன உடுபர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஹூவப்பா கேட்க வேண்டும் என்பதற்காக மஞ்சப்பய்யா சத்தத்தைக் கூட்டினார்.

"ஏன்யா மஞ்சப்பய்யா, உனக்கு மரியாதை இருக்கா? நாலு பதில் தயாரா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்குச் சபையைக் கலைச்சுட்டுப் போறே! இவங்க என்னடான்னா நீ சொன்னதுதான் பதிலுன்னு என்னையே கிண்டல் பண்றாங்க. நானும் அப்படித்தான் நெனைக்கறேன், ஆனா வெளிய சொல்ல மாட்டேன். தீபாவளி கழிச்சு மங்களூர்ல நேர்ல வந்து உக்காரு. நீதான் அரசன். ஆமா, யாரந்தக் காவலன்? நாப்பது வருஷமா இந்தக் கதையைப் பேசறேன், அப்படி ஒருத்தன் வந்ததே இல்லையே?"

மஞ்சப்பய்யா செய்தியை இரண்டாவது முறை போட்டுக் கேட்டார். மூக்கை உறிஞ்சினார், மேட்டுக் காற்றுக்குச் சளி பிடிக்கும் என்றார். பிறகு பதில் செய்தி பேசப் பொத்தானை அழுத்தி, "கேளும் உடுபரே," என்று ஆரம்பித்தார்.

ஹூவப்பா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"அய்யா, அய்யா. முதல்ல என் பேரைச் சொல்லிடுங்க."