சிட் என்றால் உட்காராத ராஜபாளையம்

வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிவந்ததும், காவலுக்கு வேண்டும் என்று என் கணவர் ஒரு ராஜபாளையம் குட்டியை வாங்கி வந்தார். வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. "பிடிவாதம் ஜாஸ்தி சார், பாத்துப் பழக்குங்க" என்று விற்றவர் எச்சரித்தாராம். இவர் சிரித்தாராம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அல்லவா? இவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே அங்கே செல்போன்கள் எல்லாம் மேசைக்குள் போய்விடும். ஒரு நாய் எம்மாத்திரம்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. நாய்க்கு ஆங்கிலத்தில்தான் உத்தரவிட வேண்டும் என்று யூடியூபில் யாரோ சொல்லியிருந்தார்களாம். "சிட்" என்பார். அது நிற்கும். "கம்" என்பார். செம்பருத்திச் செடியடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இவர் அதே வார்த்தையை இன்னும் உரக்கச் சொல்வார். எதிர் வீட்டுக் குழந்தைகூட சீக்கிரமே அத்தனை ஆங்கிலமும் கற்றுக்கொண்டுவிட்டது.

"அதுக்குப் புரியலை போலங்க" என்றேன்.

"எல்லாம் புரியுது. திமிரு."

அதில் நியாயம் இருந்தது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் மொட்டைமாடியில் இருந்தாலும் அதற்குப் புரியும்.

குட்டி நெடுநெடுவென வளர்ந்த பிறகு, கூட்டத்தில் நடக்கப் பழக்குவதாகச் சொல்லி, ஒரு பௌர்ணமியன்று காலை கிரிவலப் பாதைக்கு அழைத்துப் போனார். வருஷம் முழுக்க ஆளில்லாத பாதைகள் ஊரில் எத்தனையோ உண்டு. சிறிது நேரத்தில் போன் வந்தது.

"ஸ்கூட்டிய எடுத்துக்கினு வா."

"இன்னாங்க ஆச்சு?"

"நாய் ஒக்காந்துடுச்சு."

"அதுக்குத்தானே இத்தினி மாசமா கத்திக்கினு இருந்தீங்க?"

"நடுரோட்டுல ஒக்காந்துக்குது. எழுந்திருக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். கிரிவலக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போனது. "மலையப் பாத்து ஒக்காந்துக்குது பாருங்க, புண்ணியம் பண்ண ஜீவன்" என்று ஒரு அம்மா வாழைப்பழம் உரித்து வைத்துவிட்டுப் போனார். இவர் வியர்வை வழிய சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். கிரிவலம் வந்த இவருடைய அலுவலக ஊழியர் ஒருவர், "நீங்க சொல்லியுமா சார் கேக்கல?" என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

வண்டியை நிறுத்தினேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, முன்பக்கம் ஏறி உட்கார்ந்தது. இவர் பின்னால் ஏற வந்தார். அது குரைக்கவில்லை, உறுமவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

"நீ போ. நான் ஷேர் ஆட்டோல வரேன்" என்றார்.

மறுநாளிலிருந்து பயிற்சி என் பொறுப்பானது. எனக்கும் ஒன்றும் தெரியாது. கத்துவதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். தயிர்சாதத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பேன். அது குரைக்கும், தாவும், கோபித்துக்கொண்டு வாசல் வரை போகும். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தது. உடனே தட்டைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. அப்புறம் சங்கிலி மாட்டும்போதும் உட்காரப் பழகியது. "வா" என்றால் வந்தது, பெரும்பாலும்.

வருகிற விருந்தாளிகளிடம், "ஸ்ட்ரிக்ட்டா இருந்தாத்தான் இந்த ஜாதி நாய் அடங்கும்" என்று இவர் விளக்குகிறார். நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு நாள் கோலப்பொடி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, பின்கட்டில் இவர் தட்டும் கையுமாக, வாயே திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். நாய் எதிரே நின்று யோசித்துக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் சமையலறைக்குள் போய்விட்டேன். குழம்பு கொதித்து இறக்கும் வரைக்கும் தட்டைக் கீழே வைக்கிற ஓசை கேட்கவில்லை.