குடைக்காரன் தூங்கக் கூடாது

லேப்டாப் சார்ஜர் சூடாகி லேசாகப் பிளாஸ்டிக் நாற்றம் வருகிறது. எனக்கு உடனே சின்ன வயதில் இருந்த பிள்ளையார்பாளையம் வீடு ஞாபகம் வருகிறது.

அங்கே நான் ஆடியது டிவியில் மாட்டி ஆடும் ஒரு வீடியோ கேம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. வாளுக்குப் பதில் குடையோடு சண்டைக்குப் போகும் ஒரு குட்டையன்தான் வீரன். கொஞ்ச நேரம் பட்டனைத் தொடாவிட்டால் தூங்கிவிடுவான், தூக்கத்திலேயே செத்துவிடுவான். அணைத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும். அன்று கடைசிக் கோட்டைக்கு வந்தபோது பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

"அணைச்சிடாதம்மா, தூங்கினா செத்துடுவான்!" என்று கத்திவிட்டு ஓடினேன். தறியில் இருந்த அம்மா நிமிரவே இல்லை.

வகுப்பில்தான் பயம் பிடித்தது. கேமுக்குக் கரண்ட் தரும் அடாப்டர் தொட்டாலே சுடும், இதே நாற்றம் வரும். பக்கத்திலேயே தறியில் பட்டு நூல் பாவு. தீப்பிடித்தால்? மணி அடித்ததும் ஓடினேன்.

குடைக்காரன் விழித்திருந்தான். அம்மாவின் டேபிள் ஃபேன் அடாப்டர் பக்கம் திரும்பியிருந்தது. அவள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். கால் மிதிக்கும் தறிக்குழியில் இறங்கினால் சோற்றுக்குத்தான் ஏறுகிறவள்.

"அப்பப்போ ஏறி வந்து பட்டனை அமுக்கிக்கினு இருந்தேன்பா. முட்டிதான் வலிக்குது."

இன்று அந்த கேமுக்கு ஊர் உலகமெல்லாம் ரசிகர்கள். லேப்டாப்பிலேயே ஆடலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கலாம். நிறுத்துகிறேன். பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க மறுபடியும் எழுந்து போகிறேன்.