இரண்டாவது ஊசி

டாக்டர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தெரியும். பார்த்த வைத்தியத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்ப நேரம் இருக்காது. அதற்குத்தான் பில்லக்கா இருந்தாள். மருந்துக்கடை மாடியில் ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு பிரிண்டர். டாக்டர் எழுதும் குறிப்பைப் படித்து நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண் போடுவாள். இரண்டும் பொருந்தாவிட்டால் பில் திரும்பி வந்துவிடும்.

மூன்று டாக்டர்களுக்கு பில் வேலை பார்த்துவந்தாள். பெரிய டாக்டர்தான் முதலில் கிடைத்தவர். கணவன் இறந்துபோய், கையைப் பிசைந்துகொண்டு நின்றவளிடம், "அழுதது போதும்மா. இனிமே என் பில்லையெல்லாம் நீயே பாரு" என்றவர்.

சில மாதங்களாக அவர் குறிப்பில் தடுமாற்றம். முழங்கால் வலிக்காரருக்குக் காதுவலி என்று இருக்கும். போன் செய்தால் சிரிப்பார். "முழங்காலுக்கும் காது உண்டும்மா, நீ சொன்னா கேட்டுக்கும். மாத்திடு." அவளும் சிரித்துக்கொண்டே மாற்றிவிடுவாள்.

ரொட்டிக்கடைக்காரருக்குக் கையில் துருப்பிடித்த இரும்பு கிழித்துவிட்டது. அதற்குப் போட்ட டெட்டனஸ் ஊசி ஒரே வாரத்தில் இரண்டு முறை பெரிய டாக்டரின் குறிப்பில் வந்தது. ஒரே குறிப்பைத் தவறுதலாக இரண்டு தடவை அனுப்புவது எல்லா டாக்டரும் செய்வதுதான். போன்கூடச் செய்யாமல் இரண்டாவதை நீக்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரொட்டிக்கடைக்காரர் கீழே மருந்துக்கடையில் நின்றார். தோள் சிவந்து வீங்கியிருந்தது.

"என்னண்ணே இது?" என்றாள் மாடிக்குப் போக வந்த பில்லக்கா.

"உங்க பெரிய டாக்டர் வேலைதான். முன்னாடியே போட்டுட்டீங்களேன்னேன். 'டாக்டர் நானா, நீயா?'ன்னாரு. வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டிட்டேன்."

பில்லக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. தவறு குறிப்பில் இல்லை, உடம்பில் நடந்திருக்கிறது. சொன்னால் அவர் வைத்தியத்தையே விட வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் அடுத்து யாரோ, ஒரு குழந்தையாகக்கூட இருக்கலாம். படியேறாமல் நேரே கிளினிக்குக்கு நடந்தாள்.

பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். "ஏம்மா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? உக்காரு" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவர் பிடித்திருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

அவர் கையை விடவில்லை.

"ரெண்டாவது தடவையும் போட்டேனா?"

"ஆமாங்க டாக்டர்."

"ஞாபகமே இல்லம்மா. இது ஒண்ணுதானா?"

"இல்லீங்க. நிறைய. நான்தான் திருத்தித் திருத்தி அனுப்பினேன். களைப்புல எழுதுறீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சும்மா. ஆனா ஒரு பில்லும் திரும்பி வரலியே. அதனால நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ரொட்டிக்கடைக்காரருக்குத் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, "வெளிய யாராவது இருக்காங்களா?" என்றார்.

"ஒரு அம்மா, கைக்குழந்தையோட."

"வேற டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா."

பில்லக்கா வெளியே வந்து சொன்னாள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "பரவால்லக்கா, எங்களுக்கு இவர்தான் ராசி. நாளைக்கு வரட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா" என்றாள் பில்லக்கா. "நாளைக்கும் வேணாம்."