ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடையைப் பூட்டியவர்

அப்பாவின் முதலாண்டு நினைவு மலரான இதற்கு வந்த கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் படித்துப் பிழை திருத்தும் வேலை என்னிடம் வந்தது. அப்பாவைப் பற்றி நம் உறவினர்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஓய்வு என்பதையே அறியாதவர்" என்று ஒருவர். "ஒரு நாளும் கடையைப் பூட்டாதவர்" என்று இன்னொருவர். "தன் சுகம் என்று எதையும் நினைத்ததில்லை" என்று மூன்றாமவர். இதெல்லாம் யாரைப் பற்றி? எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். மற்ற பிழையைத் திருத்த மகள் என்ற முறையில் எனக்கு ஒதுக்கிய இந்தப் பக்கங்கள்தான் இருக்கின்றன.

அப்பாவுக்கு ஓய்வு தெரியும், நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு, அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விடுவார். அதற்காகவே உங்களிடம் காலமெல்லாம் பேச்சு வாங்கினார். உயிரோடு இருந்தபோது ஊர்சுற்றி என்றவர்கள், இறந்த பிறகு ஓயாத உழைப்பாளி என்று எழுதினால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அப்பா உடன்குடிக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா பனையேறியவர். அப்பாவுக்கு மீசை அரும்பும் முன்பே அவர் காலமாகிவிட்டார். அப்பாவைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்து, தம் கடையில் வைத்து ஆளாக்கி, பின்னர் அதே கடையில் கூட்டாளியாகவும் சேர்த்துக்கொண்டவர் பெரியப்பா. இதை அப்பா ஒரு நாளும் மறந்ததில்லை, நானும் மறக்கவில்லை. படகுகளுக்கு வேண்டிய கயிறு, பெயிண்ட், ஆணி, வலை மிதவை எல்லாம் விற்கிற கடை அது. பகலில் கயிறு அளந்து கொடுத்துவிட்டு, இரவில் அந்தக் கயிற்றுச் சுருள்களின் மேலேயே படுத்துத் தூங்கி அப்பா வளர்ந்தார். தீபாவளி, பொங்கல் தவிர வேறு விடுமுறை அந்தக் கடைக்குக் கிடையாது.

அம்மாவுக்கு ஆழ்வார்திருநகரி. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர். கல்யாணம் ஆகி மில்லர்புரம் வீட்டுக்கு வந்து, நான் பிறந்து, தம்பியும் பிறந்துவிட்டான். அதுவரை அம்மா பார்த்த தூத்துக்குடி எல்லாம் சமையல்கட்டும் மார்க்கெட்டும்தான். ஒரு நாள் அப்பா கையில் பெயிண்ட் வாடையோடு சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் போட்டபடியே அம்மா கேட்டாராம்: "தூத்துக்குடியில கடல் இருக்குன்னு சொல்லுதாவளே, நெசந்தானா?" அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் முதல்முறையாக ஷட்டரை இறக்கினார்.

அது கோடைக்காலம். கோடையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் எல்லாம் கரையேறி, பெயிண்ட் அடித்து, கயிறு மாற்றி, பழுது பார்த்துக்கொண்டு நிற்கும். கடையில் மொய்க்கும் கூட்டம் அந்த மாதங்களில்தான். பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏலே, சீசன் நேரத்துல ஷட்டர இறக்கிட்டு எங்கலே போற?"

"அவளுக்குக் கடலக் காட்டிட்டு வாரேன் அண்ணாச்சி."

"கடல என்னத்தலே காட்ட? அது எங்கயும் ஓடியா போயிரப் போவுது?"

"கடலு ஓடாது அண்ணாச்சி. நாமதான் ஓடிருவோம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு பழைய மொபெட். நான் முன்னால் நிற்பேன், தம்பி அம்மாவின் மடியில் இருப்பான். நாங்கள் வளர்ந்து, கூட வர வெட்கப்படுகிற வயது வந்த பின்னும் அவர்கள் நிறுத்தவில்லை. இருவர் மட்டும் போனார்கள். துறைமுகக் கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடப்பார்கள். தூரத்தில் நிற்கும் கப்பல் நிலக்கரிக் கப்பலா உரக் கப்பலா என்று சண்டை போடுவார்கள். இருவருக்கும் தெரியாது, ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முயல் தீவுக்குப் போனால் காற்றில் மணல் விழாமல் மக்ரூன் பொட்டலத்தை அம்மாவின் முந்தானைக்குள் வைத்துத் தின்பார்கள். புன்னக்காயலுக்கு அடிக்கடி போவார்கள். தாமிரபரணி கடலில் சேருமிடம் அது. அம்மா குனிந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு, "எங்க ஊரு தண்ணி இங்கதான் வந்து சேருது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்பாவும் முதல்முறை கேட்பதுபோல, "அப்படியா?" என்பார்.

அப்பாவின் அக்காவான ஆறுமுகநேரி அத்தைக்கு இதில் பெரிய மனக்குறை. திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ போக வேண்டுமானால் அத்தை வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது. அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா வண்டியை நிறுத்த மாட்டார். அத்தைக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று அம்மா கூலிங் கிளாஸ் போட ஆரம்பித்தார். அது தனக்கு அழகாக இருப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் எல்லா ஞாயிறும் போட்டுக்கொண்டார். ஒரு நாள் அத்தை போனில் பிடித்துவிட்டார்கள்.

"ஏலே, எங்க வாசல் வழியாத்தானே போனீங்க? உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சா தொண்டையில எறங்காதோ?"

"ஞாயித்துக்கெழம லீவுக்கா. சொந்தத்துக்கும் லீவு."

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. அதன் பிறகு எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அம்மாவைச் சுற்றி இதே பேச்சு. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஜோடி போட்டுச் சுற்றுகிறார்கள் என்றீர்கள். அந்தப் பெண் நான்தான். எனக்கு ஒரு குறையும் வரவில்லை. ஞாயிறு இரவு இருவரும் தலையெல்லாம் மணலோடு, முகம் கறுத்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து வளர்ந்தேன். கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நம்பி வளர்ந்தேன். உங்களில் எத்தனை பேர் உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினீர்கள்?

அறுபதை நெருங்கும்போது அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. வண்டி ஓட்டக் கூடாது, ஆனால் காற்றாட வெளியே போய் வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்ன முதல் பாதியை மட்டும் நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள், இரண்டாம் பாதியை அப்பா கேட்டார். அம்மா பெயரிலேயே கியர் இல்லாத ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்து ரோட்டில் வைத்து அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அம்மா ஒரு முறை வண்டியோடு உப்புப் பாத்திக்குள் இறங்கிவிட்டார். சேலையெல்லாம் உப்பு பூத்து வீட்டுக்கு வந்து, "உங்க அப்பா என்னயத் தூக்காம நின்னு சிரிக்காவ" என்று என்னிடம் புகார் சொன்னார். கோடை முடிவதற்குள் அம்மா ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து துறைமுகம் வரை போய் வந்துவிட்டார்கள்.

அதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். மறுநாள் கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "பொம்பள வண்டி ஓட்ட, ஆம்பள பின்னால உக்காந்து வாரான். வெக்கமா இல்லயாலே ஒனக்கு?" என்றார்.

அப்பா பெயிண்ட் டப்பாவைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாராம். "முன்னால உக்காந்தா ரோடுதான் தெரியுது அண்ணாச்சி. பின்னால உக்காந்தாத்தான் கடலு தெரியுது."

சென்ற வருடம் வைகாசியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரியப்பா அங்கேயே கண் மூடாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி ஷார்ஜாவிலிருந்து ஓடி வந்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைப் பார்த்து, "ஏளா, வண்டிக்குப் பெட்ரோல் போட்டியா?" என்று கேட்டார். அம்மா போடவில்லை. "டேங்க் நெறையப் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, என்னை உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்து, பெட்ரோல் பங்கில் நிறையப் போட்டு, வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அந்த வாரமே அப்பா காலமானார்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று தம்பி சொன்னான். எழுதுகிறேன். அப்பாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி அத்தை சொன்னார்கள்: "நல்லா இருந்த எந்தம்பிய வெயில்ல ரோடு ரோடா இழுத்தடிச்சுக் கொன்னுட்டியேளா!" கூடத்தில் அத்தனை பேர் இருந்தீர்கள். ஒருவர்கூட, போதும் என்று சொல்லவில்லை. துக்கத்தில் வந்த வார்த்தை என்று என்னைச் சமாதானம் செய்யாதீர்கள். துக்கம் எங்களுக்கும்தான் இருந்தது. நாங்கள் யாரையும் கொலைகாரி என்று சொல்லவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பெரியப்பா ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வருசம் திரும்பட்டும். அதுவரைக்கும் இவ வண்டிய எடுத்துக்கிட்டுத் திரிஞ்சா ஊரு காறித் துப்பும்." நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடுளா. வருசம் திரும்பத்தானே போவுது."

ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் அம்மா வண்டியின் உறையை எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடைப்பார். கண்ணாடி, ஹேண்டில், சீட் எல்லாம் துடைத்து, திரும்ப உறையைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்துவிடுவார். டயரில் காற்று இறங்கிப்போன வண்டியை அவர் அப்படித் துடைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்.

வருடம் திரும்பியது. சாவியைக் கேட்டுக் கடைக்குப் போனேன். பெரியப்பா சொன்னார்: "புருசன் போன பொம்பள இனிமே எங்க போவப் போறா? வண்டிய வித்துரலாம். ஆளுகூடப் பாத்துட்டேன்." வண்டி அம்மா பெயரில் இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நேராக மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பேட்டரியை மாற்றினேன், டயரை மாற்றினேன், பூட்டையும் சாவியோடு மொத்தமாகப் புதிதாக மாற்றினேன். பெட்ரோல் பழசாகிவிட்டது, அதையும் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். அதற்கு மட்டும் அம்மா சம்மதிக்கவில்லை. "அது அவுக கேட்டுப் போட்டது. ஓடுத வரைக்கும் ஓடட்டும்." மெக்கானிக் ஏதேதோ துடைத்து, பலமுறை உதைத்துப் பார்த்தார். கடைசியில் வண்டி உறுமியது. அம்மா அப்போதுதான் அழுதார்.

தம்பி இந்தக் கட்டுரையை வாட்ஸாப்பில் படித்துவிட்டு, "கொஞ்சம் கொறச்சு எழுதுக்கா" என்றான். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினம் கடற்கரைப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். ஒரு ஞாயிறு வண்டி பஞ்சராகி நின்றபோது இரண்டு நாற்காலிகளைக் கடலைப் பார்த்துப் போட்டு அப்பா அம்மாவை உட்கார வைத்தவர். அதன் பின் எப்போது போனாலும் அந்த இரண்டு நாற்காலிகளும் வெளியே வந்துவிடும். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. அப்பா தூத்துக்குடியில் கயிற்றுக்கடை வைத்திருப்பவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அப்பா இறந்த செய்தி தாமதமாகத்தான் அவருக்கு எட்டியது. எங்கள் கடையில் விசாரித்துக்கொண்டு மில்லர்புரத்துக்கு பஸ் ஏறி வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவிடம், "நாற்காலி அங்கனயேதான் கெடக்கு தங்கச்சி. எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார். இந்த ஒரு வருடத்தில் அம்மாவை எங்காவது வரச் சொன்னவர் அவர் மட்டும்தான்.

பெரியப்பாவுக்கும் நன்றி. அப்பாவுக்குச் சோறு போட்டதற்கு, தொழில் கற்றுக் கொடுத்ததற்கு, ஆஸ்பத்திரியில் விழித்திருந்ததற்கு. இதில் கேலி ஏதும் இல்லை, மனதார எழுதுகிறேன். பழைய சாவியைத் திருப்பித் தர வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும். அத்தை தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் இனி ஒரு கூலிங் கிளாஸ் மட்டும் போவதைப் பார்ப்பார்கள். கையைக் காட்டினால் அம்மா நிறுத்துவார் என்றே நினைக்கிறேன். நானாக இருந்தால் நிறுத்த மாட்டேன்.

எல்லாருக்கும் லீவாக இருக்கும் என்று நினைவு நாள் சாப்பாட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையில் வைத்தவரும் பெரியப்பாதான். வந்திருக்கும் அனைவரும் இருந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். பந்தி மூன்று மணிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு இருந்து பேச விரும்புகிறவர்கள் தாராளமாக இருக்கலாம், காபி கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காரையும் பைக்கையும் கேட்டை மறித்து நிறுத்த வேண்டாம். செருப்புகளையும் சுவர் ஓரமாகக் கழற்றிப் போடுங்கள். நாலு மணிக்கு அம்மா வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.